சூடான எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை: இன்ஜெக்‌ஷன் ஸ்னோமொபைல்

நிப்பிசிங்_கரை:
வணக்கம். நான் கனடாவின் நோர்த் பேயில் வசிக்கிறேன். பழையதாக வாங்கிய என் 600 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் இன்ஜெக்‌ஷன் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி), மறை 25 பாகைக் குளிரிலும் காலையில் சாவியைத் திருப்பியவுடன் பற்றிக்கொள்கிறது. ஆனால் ஏரியின் மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடி, மீன்பிடிக் குடிலருகே நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து முயன்றால், ஸ்டார்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் உயிர்பெறுவதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பிளக்குகளும் பற்றரியும் புதியவை. திருத்துமிடத்தில் பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். அதன் விலையைக் கேட்டபின் இங்கே விசாரிக்காமல் வாங்க மனம் வரவில்லை.

பழைய_ஸ்பானர்:
தம்பி, பம்பை இப்போது வாங்க வேண்டாம். அடுத்த முறை மறுக்கும்போது, அந்த இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, அது ஈரமாக இருக்கிறதா உலர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உலர்ந்திருந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் வரவில்லை; பம்பு, ஆவியடைப்பு (குழாயில் பெற்றோல் ஆவியாகி வழியை அடைப்பது), எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் கிராங்க் சென்சர் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சர் என்றால் பொறியும் வராது. ஒரு பிளாஸ்டிக் பையில் பனியை அள்ளி அதன்மேல் சில நிமிடம் வைத்தபின் ஸ்டார்ட் ஆனால், குற்றவாளி பெரும்பாலும் அதுதான். பிளக் ஈரமாக இருந்தால் கதையே வேறு; அங்கே பெற்றோல் குறையவில்லை, மிஞ்சிவிட்டது.

ஏரிப்பாதை:
ஆவியடைப்பைப் பற்றி ஒரு விளக்கம். குளிரில் எளிதாகப் பற்றவேண்டும் என்பதற்காகக் குளிர்காலப் பெற்றோலை விரைவில் ஆவியாகும்படி கலக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தியவுடன் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடுவதால், உலோகத்தில் தேங்கிய சூடு மெல்ல, பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் குழாய்க்கு ஏறி, அதிலுள்ள பெற்றோலைக் குமிழியாக்கிவிடும். மேலும், வண்டியின் அடியில், கூலன்டின் சூட்டை வெளியேற்றும் வெப்பமாற்றியை ஆற்றுவது ட்ராக் வாரியடிக்கும் பனிதான். வழுக்குப் பனிக்கட்டியில் தூள்பனி இல்லாததால், ஏரியில் ஓடும் வண்டி வழக்கத்தைவிடச் சூடாகவே இருக்கும். சாவியை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்து, பம்பு அழுத்தம் ஏற்றும்வரை பொறுத்து, அதன்பின் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

நிப்பிசிங்_கரை:
இருவருக்கும் நன்றி. இன்று அதே இடத்தில், அதே இருபது நிமிடம் கழித்துக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பிளக்குகளும் சொட்டச்சொட்ட நனைந்திருந்தன. சாவியைப் போட்டு அணைத்ததில் பயனில்லை. வண்டி ஐட்லிங்கில் சற்றுத் திணறுவதையும், பெற்றோல் கூடுதலாகக் குடிப்பதையும் முன்பே கவனித்திருக்கிறேன். ஆனால் இதனோடு தொடர்புபடுத்திப் பார்க்கவில்லை.

பழைய_ஸ்பானர்:
அப்படியானால் பம்பு நிரபராதி. இனி இரண்டு காரணங்களே மீதமிருக்கின்றன: நிறுத்தியபின் இன்ஜெக்டர் ஒழுகி, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் பெற்றோல் தேங்குகிறது, அல்லது எஞ்சின் சூடாக இருப்பது, பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் கணினிக்குத் தெரியவில்லை. ஐட்லிங் திணறலைப் பார்த்தால் இரண்டாவதை முதலில் சோதிப்பேன். கூலன்ட் வெப்ப சென்சரின் மின்தடை சூட்டில் குறையும். பொதுவாக 20 பாகையில் 2,500 ஓம் அளவில் இருப்பது, 80 பாகையில் 300 ஓமை ஒட்டி வந்துவிடும். சரியான எண் உங்கள் சேவைக் கையேட்டில் இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே, சென்சரின் முனைகளில் ஒருமுறையும், கணினிப் பக்கத்து வயர் முனையில் ஒருமுறையுமாக இரண்டு இடங்களில் அளந்து பாருங்கள்.

அதுவரை வழியில் மாட்டிக்கொண்டால், த்ரொட்டிலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது கணினி பெற்றோலை நிறுத்தியோ குறைத்தோவிடும், தேங்கியது வெளியேறும். பற்றிய கணமே கையை விட்டுவிட வேண்டும், இல்லையேல் கிளட்ச் பிடித்து வண்டி பாய்ந்துவிடும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

நிப்பிசிங்_கரை:
அண்ணா, அளந்துவிட்டேன். சென்சரின் முனைகளில் 310 ஓம். கணினிப் பக்கத்தில் 2,350. இடையிலுள்ள கனெக்டரைப் பிரித்தபோது ஒரு பின்னில் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை: அதே களிம்பு காலையில் ஏன் தொந்தரவு செய்யவில்லை?

பழைய_ஸ்பானர்:
கணக்கைப் பாருங்கள். மறை 20 பாகையில் சென்சரே ஏறத்தாழ 15,000 ஓம் காட்டும். அதனோடு களிம்பு கூட்டும் 2,000 ஓம் சேர்ந்தாலும் கணினி ஓரிரு பாகைதான் ஏமாறும். சூட்டிலோ 310 ஓமோடு அதே 2,000 சேர, எஞ்சின் 20 பாகையில்தான் இருக்கிறது என்று நம்பி, குளிருக்கான பெற்றோலைக் கொட்டுகிறது. பின்னைச் சுரண்டினால் மீண்டும் களிம்பேறும், மாற்றிவிடுங்கள். புதிய இணைப்பில் மின்காப்புக் கிரீஸ் பூசுங்கள். இன்னொன்று: பல வண்டிகளில் மிகைவெப்ப எச்சரிக்கை விளக்கும் இதே சென்சரை நம்பியே எரிகிறது; ஆகவே சூடு மிஞ்சியும் அது எரியாமல் இருந்திருக்கலாம். இந்தப் பருவத்தில் வழுக்குப் பனிக்கட்டியில் நீண்ட தூரம் ஓடியிருந்தால், பிஸ்டனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிப்பிசிங்_கரை:
பின்னை மாற்றினேன். இன்று குடிலருகே நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து, த்ரொட்டிலைத் தொடாமலே ஸ்டார்ட் ஆனது. பிஸ்டனை வரும் சனிக்கிழமை திறந்து பார்க்கிறேன்.