மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும் ஜிம் பயிற்சியைத் தொடர்வது எப்படி?

தொடங்கியவர்: ஓஎம்ஆர்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. மென்பொருள் நிறுவனத்தில் பணி. வாரத்தில் பாதி நாட்கள் அமெரிக்க நேரத்திற்கேற்ப இரவு பதினொரு மணி வரை அழைப்புகள் நீளும். ஜிம்மில் சேரும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு வாரங்கள் உற்சாகமாகச் செல்கிறேன். அதன்பின் அலுவலக நெருக்கடியோ ஊரில் ஒரு திருமணமோ குறுக்கிட்டால், மீண்டும் போக மனம் வருவதில்லை. டிரெயினர் எழுதிக் கொடுத்திருக்கும் அட்டவணை இது: திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி டிரெட்மில். இப்போது ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் பெரிய தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். பணம் கட்டிவிட்டோமே என்ற எண்ணமாவது என்னைப் போகவைக்குமா? 21 நாட்கள் தொடர்ந்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பழைய டம்பெல்

நண்பரே, உங்கள் மன உறுதியைவிட அந்த அட்டவணையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். நாளுக்கு ஓர் உறுப்பு என்று பிரித்துக் கொடுப்பது, பல ஆண்டுகளாகப் பளு தூக்குபவர்களுக்கும், பயிற்சியைச் சுற்றியே தம் நாளை அமைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கும் பொருந்தும் முறை. உங்களுக்கு அது கடனாகவே சேரும்: வெள்ளிக்கிழமை ஓர் அழைப்பு நீண்டுவிட்டால் அந்த வாரம் கால்களுக்குப் பயிற்சியே இல்லை, அதைச் சனிக்கிழமை ஈடுகட்ட நினைத்து அதுவும் முடியாமல் போனால், அடுத்த திங்களன்று ஜிம் வாசலை நினைத்தாலே குற்ற உணர்ச்சிதான் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், முக்கியத் தசைகள் அனைத்துக்குமான வலுப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாட்களாவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி செய்யுங்கள். ஸ்குவாட் (எடையுடன் உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது), ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுப்பது) ஆகிய மூன்றும் ஒரு நாள். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது), புல் டவுன் (மேலுள்ள கம்பியைக் கீழே இழுப்பது) ஆகிய மூன்றும் அடுத்த முறை. ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை (ரெப்ஸ்) தொடர்ந்து செய்வது ஒரு செட்; அப்படி இரண்டு மூன்று செட்கள் போதும். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். இதில் கிழமைக்கு வேலையில்லை. புதன்கிழமை தவறினால் வியாழனோ வெள்ளியோ சென்று, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான்.

சில்லறைக் கணக்கு

கட்டணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்திற்கு நான்கைந்து முறைதான் சென்றார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. அதே ஜிம்களில் பத்து வருகைக்கான அட்டையை வாங்கியிருந்தால், ஒரு வருகைக்குப் பத்து டாலர்தான் ஆகியிருக்கும். இனி ஒழுங்காகப் போய்விடுவோம் என்று நம்மைப் பற்றி நாமே மிகையாகக் கணிப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். நம்மூர் ஜிம்களின் தள்ளுபடிப் பலகைகளும் இந்த நம்பிக்கையை நம்பித்தான் தொங்குகின்றன என்பேன். மூன்று மாதக் கட்டணத்திற்கு மேல் கட்டாதீர்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடைப்பட்ட வழியில் உள்ள ஜிம்மாக இருந்தால், சற்று விலை கூடினாலும் பரவாயில்லை.

மருதாணி

21 நாள் கணக்குக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010இல் அச்சான ஆய்வில், ஓர் எளிய செயல் தானாக நிகழும் நிலையை எட்டுவதற்கான காலத்தின் இடைநிலை அளவு 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாட்கள் வரை அது வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சி பழக்கமாவதற்கு அதிக நாட்கள் பிடித்தன. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. அவை தினமும் செய்த செயல்கள் என்பதால், வாரம் இரண்டு மூன்று நாட்கள் செல்பவருக்கு இன்னும் பொறுமை வேண்டியிருக்கும் என்பது என் ஊகம்.

"பழைய டம்பெல்" ஐயா கிழமைக்கு வேலையில்லை என்றார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கிழமை நகரலாம் என்று விட்டால் எனக்கு வாரமே நகர்ந்துவிடும். பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே ஜிம்முக்குப் போவது என்று வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இது நிலைத்தது. உங்களுக்கும் இரவு அழைப்பு இல்லாத நாட்கள் எவையென்று முன்கூட்டியே தெரியுமல்லவா?

ஓஎம்ஆர்வாசி

செவ்வாயும் சனியும் எனக்கு உறுதியாகக் கிடைக்கும். மூன்று மாதத்திற்கு மட்டும் கட்டிவிடுகிறேன். அடுத்த மாதம் ஊருக்குச் சென்றால் ஒரு வாரத்திற்கும் மேல் இடைவெளி விழும். திரும்பி வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பழைய டம்பெல்

தேவையில்லை. அவ்வளவு இடைவெளியில் வலிமை பெரிதாகக் குறையாது. ஆனால் பழைய எடையையே எடுத்தால் அடுத்த இரண்டு நாட்கள் கடும் தசைவலி இருக்கும். திரும்பிய முதல் நாள் எடையைக் கால் பங்கு குறைத்து, ஒரு செட்டையும் விட்டுவிடுங்கள். சகோதரி சொன்னபடி செவ்வாய், சனி என்றே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் மட்டும் மறுநாளுக்கு மாற்றலாம். டிரெயினரிடம் தயங்காமல் பேசுங்கள், கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.