கெர்ட்டி டைனோசர் படத்துல பின்னாடி மலையெல்லாம் ஏன் நடுங்குது?

கேள்வி:
நேத்து நைட் பையனுக்கு 1914ல வந்த கெர்ட்டி படத்த போட்டுக் காட்டினேன், வின்சர் மெக்கே வரைஞ்ச டைனோசர் கார்ட்டூன் படம். திட்டு வாங்கினதும் அது குழந்தை மாதிரி அழும்ல, அந்த சீன மட்டும் நாலு வாட்டி போடச் சொன்னான். எனக்கு ஒரு டவுட். டைனோசர் அசையுது சரி, பின்னாடி இருக்கற மலை பாறை எல்லாம் ஏன் நடுங்கிட்டே இருக்கு, பிரிண்ட் பழசானதாலயா? அப்புறம் நடுநடுவுல ஆர்டர் போடற மாதிரி எழுத்து கார்டு வருதே, யார் பேசறது அது?

மைக்கூடு:
பிரிண்ட் கோளாறு இல்லங்க. பின்னணிய ஒரு தடவ வரைஞ்சு வெச்சுட்டு அதுமேல கண்ணாடி மாதிரி ஷீட்ல கேரக்டர மட்டும் மாத்தி மாத்தி வெக்கிற முறை அப்ப புழக்கத்துக்கு வரல. மெக்கே ரைஸ் பேப்பர்ல கெர்ட்டிய வரைவாரு, ஜான் ஃபிட்சிம்மன்ஸ்னு ஒரு உதவியாளர் அதே மலை அதே பாறைய ஒவ்வொரு தாள்லயும் திரும்பத் திரும்ப டிரேஸ் எடுப்பாரு, ஆயிரக்கணக்கான தாள்! எவ்ளோ பழகின கையா இருந்தாலும் ஒரே கோடு ரெண்டாவது தடவ அப்படியே விழாதுல்ல, அந்த மயிரிழை வித்தியாசம்தான் நடுக்கமா தெரியுது. எனக்கு அந்தப் படத்துல ரொம்பப் புடிச்சதே அதான்.

பழையரீல்:
கார்டு விஷயம் நான் சொல்றேன். இது முதல்ல மேடைக்காக செஞ்சது. 1914 பிப்ரவரில சிகாகோவுல மெக்கே கையில சாட்டையோட திரைக்குப் பக்கத்துல நின்னு நேர்லயே ஆர்டர் போடுவாரு, ஆப்பிள தூக்கிப் போடற மாதிரி காட்டிட்டு கையில மறைச்சுக்குவாரு, திரைல கெர்ட்டி வாயில கவ்விக்கும். கடைசில அவரே திரைக்குப் பின்னாடி போயிடுவாரு, அதே நேரம் வரைஞ்ச மெக்கே படத்துக்குள்ள வந்து அது முதுகுல ஏறிப் போவாரு. வருஷக் கடைசில வில்லியம் ஃபாக்ஸ்னு ஒரு பட விநியோகஸ்தர் தியேட்டர்ல விட்டப்பதான், மெக்கே நண்பர்களோட மியூசியம் போய் டைனோசர உயிரோட காட்டறேன்னு பந்தயம் கட்டற கதையெல்லாம் ஆரம்பத்துல சேர்த்தாங்க, அவர் பேச்சும் கார்டாச்சு.

மைக்கூடு:
இன்னொண்ணு, சும்மா நிக்கிறப்ப கெர்ட்டி வயிறு ஏறி இறங்குறத பாருங்க. மெக்கே தன்னோட மூச்சுக்கு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கணக்கு பாத்து அதுக்கேத்த மாதிரி வரைஞ்சிருக்காரு.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இன்னிக்கு நைட் நான் டிவி பக்கத்துல நின்னு ஆர்டர் போடப் போறேன், ஆப்பிள் வீட்ல இருக்கு.