கன்டெய்னரா, விஎம்மா? ஜிபியூ ஒன்றுதான் இருக்கிறது

மூன்று வாரமாக வீட்டு சர்வரோடு மல்லுக்கட்டுகிறேன். ஊர் மதுரை. பழைய மினி பிசி, இன்டெல் ஐ5-8500டி, 16 ஜிபி ரேம், பிராக்ஸ்மாக்ஸ் 8 (ஒரே கணினியில் பல விஎம்களையும் கன்டெய்னர்களையும் ஓட்டும் மென்பொருள்). ஓடுவது ஜெல்லிஃபின் (படம் பார்க்க), இம்மிச் (போட்டோ சேமிக்க), பை-ஹோல் (விளம்பரம் தடுக்க).

முதலில் எல்லாம் ஒரே அன்பிரிவிலேஜ்டு எல்எக்ஸ்சிக்குள் (ஹோஸ்டில், அதாவது மூலக் கணினியில், ரூட் உரிமை இல்லாத லினக்ஸ் கன்டெய்னர்), டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிக் கன்டெய்னராக ஓட்டும் கருவி). நெஸ்டிங் (கன்டெய்னருக்குள் கன்டெய்னர் ஓட்டும் வசதி) ஆன். ரேம் 4 ஜிபியைத் தாண்டவில்லை, டிரான்ஸ்கோடிங்கும் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) ஜிபியூவில் (கிராபிக்ஸ் சிப்) ஜோராக ஓடியது. சிக்கல் யுஎஸ்பி டிஸ்கில்தான். ஹோஸ்டில் மவுன்ட் செய்து உள்ளே கொடுத்தால் ஃபைல்களின் உரிமையாளர் 'நோபடி' என்று வருகிறது. போட்டோ ஏற்றினால் அனுமதி இல்லை. யுஐடி மேப்பிங்கை (கன்டெய்னரின் பயனர் எண்களை ஹோஸ்டின் எண்களோடு பொருத்தும் அமைப்பு) இரண்டு முறை மாற்றினேன், கன்டெய்னரே எழவில்லை. பிரிவிலேஜ்டாக மாற்ற மனம் வரவில்லை.

அப்புறம் டெபியன் லினக்ஸில் விஎம் (தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி) போட்டு, டிஸ்கை அதற்கே கொடுத்தேன். டாக்கர் சொன்னபடி கேட்கிறது. ஆனால் ஜிபியூவை பாஸ்த்ரூ செய்தால் (விஎம்முக்கே முழுதாகக் கொடுத்தால்) ஹோஸ்ட் திரை இருண்டுவிடுகிறது, வேறு கன்டெய்னருக்கும் அது கிடைக்காது. கொடுக்காவிட்டால் ஒரு 4கே படத்துக்கே சிபியூ 100% போய், விசிறி மிக்ஸி மாதிரி கத்துகிறது.

ஜெல்லிஃபினை மட்டும் டாக்கர் இல்லாமல் எல்எக்ஸ்சியிலும் மற்றதை விஎம்மிலும் வைத்தால், அந்த ஒரே டிஸ்கை இரண்டுக்கும் எப்படிப் பகிர்வது?