நூறு டாலர் சைக்கிள்: ஒரு வாக்குவாதம்

பழைய புத்தகக்காரன்: நேற்று சக்கரபாணி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "1895 வாக்கில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் வந்தது, ஏழை பணக்காரன் பேதம் போனது, பெண்கள் இடுப்பை இறுக்கும் கார்செட்டைக் கழற்றி எறிந்தார்கள்" என்கிறார். ஐயா, 1895ல் ஒரு கொலம்பியா சைக்கிள் 100 டாலர். அதுவும் 125லிருந்து குறைத்த விலை. ஆலைத் தொழிலாளிக்கு வருடம் முழுக்க உழைத்தால் 400, 450 டாலர். கிட்டத்தட்ட மூன்று மாதக் கூலியைக் கொட்டி எந்தத் தொழிலாளி பேதத்தை ஒழித்தான்?

சக்கரபாணி: வந்துவிட்டார் விலைப்பட்டியலோடு! கைமாறிய வண்டி இருந்தது, தவணை இருந்தது. 1897ல் அதே கொலம்பியா 75 டாலருக்கு இறங்கியது.

பழைய புத்தகக்காரன்: 75 ஆனது 1897ல். நீங்கள் எழுதியது 1895. 1895ல் 100.

நூலகத்து எலி: முதலில் பணக்காரன் என்று யாரைச் சொல்கிறோம் என்று முடிவு செய்யலாமா? ஆஸ்டர் குடும்பம் போன்ற பழைய பணமா, வாண்டர்பில்ட் குடும்பம் போன்ற புதுப் பணமா, இல்லை சம்பளம் வாங்கும் குமாஸ்தாவா? அதைப் பொறுத்து பதில் மாறும்.

சக்கரபாணி: 75க்கு வந்ததா இல்லையா?

தையற்காரி: விலையை விடுங்கள். கார்செட்டைக் கழற்றி எறிந்தது எங்கே நடந்தது? சைக்கிள் ஓட்டவென்றே இடுப்புப் பக்கம் எலாஸ்டிக் வைத்த கார்செட் கடைகளில் விற்றது. பல பெண்கள் பாவாடையைக் கொஞ்சம் குட்டையாக்கிக்கொண்டு சமாளித்தார்கள். ப்ளூமர் என்ற தொளதொள காற்சட்டை போட்டவர்களைப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டே கொன்றன.

சக்கரபாணி: பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோணி 1896லேயே சொல்லிவிட்டார், பெண் விடுதலைக்கு உலகில் வேறு எதையும்விட அதிகம் செய்தது சைக்கிள்தான் என்று. அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

பழைய புத்தகக்காரன்: அந்த 100 டாலரை யார் கொடுப்பது என்று அந்த அம்மையார் சொன்னாரா? நியூயார்க் சீமான்களின் சைக்கிள் சங்கமான மிஷோ கிளப்பைப் பாருங்கள். உறுப்பினர் 250 பேருக்கு மேல் கிடையாது. கூரைக்கு அடியில், வாத்தியம் வாசிக்க, தாளத்துக்கு ஏற்ப வட்டமடித்தார்கள். இதுவா சமத்துவம்? கல்யாண வீட்டில் வாசல்வரை எல்லோரும் வரலாம், பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதல்லவா பேச்சு?

தையற்காரி: கிட்டி நாக்ஸை யாரும் சொல்லவில்லையே. பாஸ்டனில் தையல் வேலை செய்தவர், கறுப்பினத் தந்தைக்குப் பிறந்தவர். 1893ல் சைக்கிள் ஓட்டிகளின் அமைப்பான அமெரிக்க வீல்மென் சங்கத்தில் சேர்ந்தார். மறுவருடமே சங்கம் வெள்ளையர் மட்டும் என்று விதி போட்டது. 1895ல் ஆஸ்பரி பார்க் என்ற ஊரில் நடந்த அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்குத் தானே தைத்த முழங்கால் காற்சட்டையோடு போய் நின்றார். அவர் உள்ளே வரலாமா என்று பெரிய ரகளை.

சக்கரபாணி: பார்த்தீர்களா! தையல்காரியிடமே சைக்கிள் இருந்தது. முடிந்தது கதை.

பழைய புத்தகக்காரன்: அவரைக் கண்டதும் விதி எடுத்துக் காட்டினார்கள் என்பது உங்கள் கண்ணில் படவில்லை. சரி, அந்த சைக்கிளை அவர் என்ன விலைக்கு வாங்கினார்? சொல்லுங்கள், பார்ப்போம்.

தையற்காரி: நான் சொன்னது உடையைப் பற்றி. இரண்டு பேரும் அந்தப் பெண்ணைப் பிடித்து இழுக்காதீர்கள்.

சக்கரபாணி: விலை பேச உங்களுக்கு என்ன தகுதி? 1883ல் வாண்டர்பில்ட் வீட்டு மாறுவேட விருந்தில் மின்விளக்கு உடை அணிந்தது அந்த வீட்டுச் சீமாட்டி ஆல்வா என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? விருந்து கொடுத்தது ஆல்வா. உடை போட்டது அவர் ஓர்ப்படி ஆலிஸ். இன்றுவரை திருத்தவில்லை.

பழைய புத்தகக்காரன்: அது கைப்பிழை. ஒரு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறீர்களா?

வெட்டிப்பேச்சு: ஓர்ப்படி இல்லை ஐயா, ஓரகத்தி.

சக்கரபாணி: எங்கள் பக்கம் ஓர்ப்படிதான்.

நூலகத்து எலி: என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

பழைய புத்தகக்காரன்: இன்னொன்று. 1890களின் கடைசியில் சைக்கிள் மலிந்தது, சீமான்கள் உடனே கைகழுவினார்கள். 1899 செப்டம்பரில் சீமான்கள் கோடையைக் கழிக்கும் நியூபோர்ட்டில் மோட்டார் வண்டிகளுக்குப் பூ அலங்காரம் செய்து ஊர்வலம் விட்டார்கள். வேலைக்காரன் ஏறிய வண்டியில் எஜமானி ஏறுவாளா?

சக்கரபாணி: அப்படியென்றால் வேலைக்காரன் ஏறினான். வாயாலேயே ஒத்துக்கொண்டீர்கள், நன்றி.

பழைய புத்தகக்காரன்: எதை ஒத்துக்கொண்டேன்? நான் சொன்னது தொண்ணூறுகளின் கடைசி. 1895ல் 100 டாலர். நூறு.

சக்கரபாணி: 75.

வெட்டிப்பேச்சு: அகராதி எடுத்துப் பார்த்தேன், ஓரகத்தி இருக்கிறது.