ஹாட்ஸ்பாட் போட்டு ஐபி மாற்றிய கதை, உங்களுக்கும் இருக்கா?

மச்சானின் விதைக் கடைக்கு ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்து, வாடகை சர்வர் ஒன்றில் வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன். மெயிலும் அதே சர்வரில்தான். போன மாதம் ஒரு ராத்திரி மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் தளம் திறக்கவில்லை. லேப்டாப்பில் இல்லை, போனிலும் இல்லை. சர்வர் செத்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். மச்சானுக்குப் போன் போட்டால், "எனக்கு நல்லாத்தானே தெறக்குது" என்கிறான்.

அப்போதுதான் உறைத்தது. சர்வரில் காவலுக்கு இருக்கும் ஃபயர்வால் மென்பொருள் என் வீட்டு ஐபியை (இணையத்தில் என் இணைப்பின் முகவரி எண்) பிளாக் செய்திருக்கிறது. தவறான பாஸ்வேர்ட் பல தடவை வந்தால் அந்த முகவரியையே மொத்தமாக அடைத்துவிடும். தளம், மெயில், அட்மின் பக்கம் எதுவும் திறக்காது. பிளாக்கை எடுக்க உள்ளே போக வேண்டும், உள்ளே போகத்தான் பிளாக். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், அதே ஐபிதான் திரும்ப வந்தது.

சரி, போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்று லேப்டாப்பை அதில் இணைத்தேன். அப்போதும் திறக்கவில்லை! "என் ஐபி என்ன" என்று காட்டும் தளத்தில் பார்த்தால் வீட்டு ஐபியே நிற்கிறது. பத்து நிமிடம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: போன் வீட்டு வைஃபையில் இருந்தபடியே ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொண்டிருந்தது. சில ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபையை அணைக்காமல் அதையே பங்கு போட்டுக் கொடுக்கும். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவைப் போட்டதும் ஐபி மாறியது, தளமும் திறந்தது.

உள்ளே போய் வீட்டு ஐபியை விடுவித்தேன். காரணம் என்னவென்று பதிவேட்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கம் உறைந்து நின்றுவிட்டது. புது ஐபியும் பிளாக்!

குற்றவாளி என் கையில்தான் இருந்தது. போனில் உள்ள மெயில் ஆப்பில் பழைய பாஸ்வேர்ட் அப்படியே இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை அது கதவைத் தட்டி அடி வாங்குகிறது. முதலில் வீட்டு ஐபியில் தட்டியது, அப்புறம் நான் வைஃபையை அணைத்ததும் மொபைல் ஐபியில் தட்டியது. எந்தப் போனை வைத்துத் தப்பிக்கப் பார்த்தேனோ அதுதான் என்னை மாட்டிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மெயில் ஆப்பில் பாஸ்வேர்டைத் திருத்தி, ஏரோபிளேன் மோடில் அரை நிமிடம் வைத்து எடுத்தேன். மூன்றாவதாக ஒரு ஐபி கிடைத்தது, மற்ற இரண்டையும் விடுவித்தேன்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு நேர் எதிராக நடந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். ஆபீஸ் சர்வர் தனக்குத் தெரிந்த ஐபிகளை மட்டுமே உள்ளே விடும், என் வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபி வாங்கியிருந்தோம். ஒரு நாள் காலை முழுக்கக் கரண்ட் இல்லை. ஐபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தேன், சர்வர் விடவில்லை. அட்மினைக் கூப்பிட்டேன். "இப்ப இருக்கிற ஐபிய அனுப்புங்க, சேத்துவிடறேன்" என்றார். லேப்டாப்பில் பார்த்து 172.20.10.2 என்று அனுப்பினேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "மேடம், இது ஊர்ல இருக்கிற எல்லா ஐபோனும் குடுக்கிற நம்பர்."

அவர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. லேப்டாப்புக்குப் போன் தரும் முகவரி ஒன்று. போனுக்கு மொபைல் கம்பெனி தருவது இன்னொன்று, அது 10 அல்லது 100 என்று தொடங்கினால் அதுவும் வெளியே தெரியாத உள்முகவரியாக இருக்கத்தான் வாய்ப்பு. உலகத்துக்குத் தெரிவது மூன்றாவது. பழைய வகை ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. பிரித்துக் கொடுக்க மையத்தில் இருந்த இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் ஒரே முகவரியின் பின்னால் மொபைல் கம்பெனி நிறையப் பேரை உட்கார வைத்திருக்கிறது. இதற்காகவே 2012-இல் 100.64 என்று தொடங்கும் ஒரு வரிசையைத் தனியாக ஒதுக்கினார்களாம்.

வெளி ஐபியைப் பார்த்து அனுப்பினேன், வேலை நடந்தது. மறுநாளும் கரண்ட் போனது, ஹாட்ஸ்பாட் போட்டால் ஐபி வேறு. அட்மின் இந்த முறை சேர்க்க மறுத்துவிட்டார். "உங்களுக்குன்னு திறந்தா கூட இருக்கிற அத்தனை பேருக்கும் திறந்த மாதிரி" என்றார். நியாயம்தான். அப்புறம் விபிஎன் (எந்த இணைப்பிலிருந்தும் ஆபீஸுக்குள் போக ஒரு பாதுகாப்பான தனிப்பாதை) போட்டுக் கொடுத்தார்கள்.

இன்னொன்று: முதல் பதிவு போட்டவரே, உங்கள் மொபைல் ஐபி பிளாக் ஆன நேரத்தில் அதே ஐபியில் இருந்த யாரோ மச்சான் கடைத் தளத்துக்கு வந்திருந்தால் அவர்களுக்கும் கதவு சாத்தித்தான் இருந்திருக்கும்.

* * *

நான் காலேஜ் மாணவன். பிடிஎஃப் மாற்றும் ஒரு தளம் நாளைக்கு இத்தனை ஃபைல்தான் என்று நிறுத்திவிடும். ஹாட்ஸ்பாட், ஏரோபிளேன் மோட் என்று ஐபியை மாற்றிப் பார்த்தேன், அதே எச்சரிக்கை. அது என் பிரவுசரில் குக்கி (ஆளை அடையாளம் காண ஒரு சின்னக் குறிப்பு) போட்டு வைத்திருந்தது. ஐபி மாறினால் என்ன, நெற்றியில் பெயர் எழுதி ஒட்டியிருந்தால்!

இந்த விளையாட்டில் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைச் சாதாரண வைஃபை என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் அப்டேட்டை இறக்கிவிட்டது. அன்றைய 1.5 ஜிபியும் காலி. அதற்கு மேல் 64 கேபிபிஎஸ்ஸில் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பவே தாவு தீர்ந்தது. அந்த இணைப்பை மீட்டர்ட் (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவைத்தால் தப்பிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு சந்தேகம். இப்படி ஐபி மாற்றினால் நம்மை யாரும் கண்டுபிடிக்க முடியாதுதானே?

* * *

(முதல் பதிவு போட்டவன்) தம்பி, சிம் உன் பேரில்தானே இருக்கிறது? எந்த நேரம், எந்த ஐபி, எந்த போர்ட் (ஒரே ஐபியில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) என்று கேட்டால் கம்பெனியால் தேடி எடுக்க முடியும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பிளாக்கிலிருந்து வெளியே வர ஹாட்ஸ்பாட் நல்ல வழி, ஒளிந்துகொள்ள அல்ல.

மேடம் சொன்னது உண்மை, எனக்கு அது தோன்றவே இல்லை.

கதை அதோடு முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மச்சான் சாப்பிட வந்திருந்தான். வந்ததும் வைஃபை பாஸ்வேர்ட் கேட்டான், கொடுத்தேன். சாப்பிட்டு எழுவதற்குள் தளம் மறுபடி திறக்கவில்லை. என் போனைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மெல்ல அவன் போனை வாங்கி மெயில் ஆப்பைத் திறந்தேன். "ஒரு மாசமா கடை மெயிலே வரல, யாவாரம் டல்லுனு விட்டுட்டேன்" என்கிறான்.