டிஏசி மாற்றினோம், காது என்ன சொன்னது?

டிஏசி என்பது டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கர் பக்கம் போகும் அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி. பழைய டிஏசிக்கும் புதுசுக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கா என்று பார்க்க நண்பர் வீட்டில் கூடினோம். ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, பாட்டை மறுபடி ஓடவிடச் சில நிமிஷம் பிடிக்கும். புதுசில் வயலின் பளிச்சென்று இருக்கிறது, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) நல்ல கனம் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்புறம் 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தோம். பழையதில் 2.00 வோல்ட், புதுசில் 2.12. ஒலி அளவில் அரை டெசிபல்தான் வித்தியாசம்! வால்யூம் கூடியதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் காது அதைத் ‘தெளிவு’, ‘கனம்’ என்று எடுத்துக்கொள்ளும். தொப்பி விஷயத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்புக் கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சுருதியும் ஒரே சத்தமாகக் கேட்க எவ்வளவு லெவல் வேண்டும் என்று காட்டுபவை அவை. பேஸ் (கீழ்ச் சுருதி) பக்கம் கோடுகள் நெருங்கியிருக்கும். லெவல் கொஞ்சம் ஏறினாலே பேஸ் கூடுதலாக எழும்.

லெவலை 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்தி, ஸ்விட்ச் பாக்ஸில் பாட்டின் ஒரே சங்கதியை உடனுக்குடன் மாற்றிக் கேட்டோம். எது எந்த டிஏசி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஒலியின் நுணுக்கம் மனதில் அப்படியே நிற்பது சில விநாடிதான். பிறகு மிஞ்சுவது அதைப் பற்றி நாம் சொல்லிக்கொண்ட வர்ணனை. கேபிள் மாட்டி முடிப்பதற்குள் அந்த விநாடிகள் போய்விடும். விலை கொடுத்து வாங்கும் முன் தயவுசெய்து லெவலை அளந்துவிடுங்கள்.

*

அண்ணா, உங்கள் டிஏசி பதிவைப் படித்தேன். நான் ஸ்டுடியோவில் மிக்ஸிங் பார்க்கிறேன். “பல வருஷம் கழித்துப் போனில் பேசினாலும் ஆள் குரல் தெரிகிறதே, காதுக்கு ஞாபகம் இல்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆளை அடையாளம் காண்பது வேறு. ஸ்பீக்கரையே மாற்றினால் மறுநாள் கேட்டாலும் தெரியும். அந்த வித்தியாசம் பெரிசு. ட்ரெபிளில் (மேல் சுருதியில்) அரை டெசிபல் மாற்றம் அப்படித் தங்காது. அதனால்தான் ரெஃபரன்ஸ் பாட்டை (ஒப்பிட வைத்துக்கொள்ளும் பாட்டை) மிக்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து, லெவல் சமமாக்கி, ஒரே பட்டனில் மாற்றிக் கேட்கிறோம். நேற்று ராத்திரி ஞாபகத்தை நம்பி ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரை)த் தொடவே மாட்டேன்.

வீட்டில் செய்ய, ஃபூபார்2000 என்ற பாட்டு மென்பொருளில் ஏபிஎக்ஸ் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம்: பெயர் மறைத்து ஓடும் எக்ஸ், ஏ-வா பி-யா என்று கேட்டே சொல்லும் சோதனை. வெறும் குருட்டாம்போக்கில் சொன்னால், 16-க்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக விழ வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே.

ஒரு சந்தேகம்: உங்கள் பாக்ஸில் இருப்பது ரிலேவா (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), சாதா ஸ்விட்சா? ஒரு பக்கம் போகும்போது மட்டும் ‘டக்’ என்று கேட்டால், அதை வைத்தே எது எதுவென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.