தொட்டி நீரைத் திருப்பி ஏற்றும் மோட்டார்: தருமபுரியிலிருந்து என் அனுபவம்

தருமபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட தொட்டியில் ஆஸ்கர் மீன்கள் வளர்க்கிறேன். கீழே அலமாரிக்குள் சம்ப் இருக்கிறது; அதாவது, தொட்டியிலிருந்து இறங்கும் நீர் சேரும் கீழ்த்தொட்டி. அங்கிருந்து நீரை மோட்டார் மீண்டும் மேலே ஏற்றுகிறது. முதலில் வாங்கிய மோட்டாரின் அட்டையில் மணிக்கு 3,000 லிட்டர் என்று அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பினேன். அது நீரை மேலே ஏற்றாத நிலையில் கிடைக்கும் அளவு என்பதும், அதே அட்டையில் சிறிய எழுத்தில் இருந்த 2 மீட்டர் என்ற உச்ச உயரத்தை எட்டும்போது நீர் வரத்தே நின்றுவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. என் தொட்டிக்கு நீர் ஏற வேண்டிய உயரம் 1.4 மீட்டர். குழாய் வாயில் பிடித்த 10 லிட்டர் வாளி நிரம்ப 40 வினாடி ஆயிற்று. அதாவது மணிக்கு வெறும் 900 லிட்டர். உச்ச உயரம் 3.5 மீட்டர் உள்ள மோட்டாருக்கு மாறி, குழாயையும் அகலமாக்கி, தேவையற்ற வளைவுகளை நீக்கிய பிறகு அதே வாளி 18 வினாடியில் நிரம்பியது.

மின்தடை கற்றுக்கொடுத்தது இதைவிடப் பெரிது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே இருந்ததால், மோட்டார் நின்றவுடன் அதே குழாய் வழியாகத் தொட்டி நீர் பின்னோக்கி இறங்கியது. அந்த 4 அங்குலம் என் தொட்டியில் ஏறத்தாழ 54 லிட்டர். சம்ப்பில் காலியாக இருந்த இடமோ 30 லிட்டர்தான். மீதி முழுவதும் கூடத்துத் தரையில் ஓடியது. பின்வாங்கும் நீரைத் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு படிந்து சில மாதங்களில் அது முழுமையாக மூடவில்லை. ஆகவே வால்வை மட்டும் நம்பி யாரும் இருந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே உயர்த்தியதே நிலையான தீர்வாக அமைந்தது. நீர் சற்று இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து ஓட்டம் அறுந்துவிடுகிறது.

அந்த உப்பு, மோட்டாருக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரிலும் வெள்ளையாகப் படிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்கு அலசி மாட்டுகிறேன்.

இப்போது சம்ப்பின் கண்ணாடியில், மோட்டார் ஓடும்போது நீர் தாண்டக் கூடாத மட்டத்தில், ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறை நீர் மாற்றிய பிறகும் சுவிட்சை அணைத்து, நீர் முழுவதும் இறங்கி நிற்கும் வரை அருகிலேயே இருக்கிறேன். விளிம்புக்கு மூன்று விரல் கீழே நின்றுவிடுகிறது.